ரத்தக் கொதிப்பு: மரபணுவும் சமையல்கட்டும்

“எங்க குடும்பத்துலயே பிரஷர் உண்டு” என்று சொல்லிவிட்டால் பலருக்கும் அத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தின் அச்சுத மேனன் மையத்து ஆய்வாளர்கள் 2016-17இல் கேரளம் முழுவதும் 18 முதல் 69 வயதுவரை 12,012 பேரைப் பரிசோதித்தார்கள். 30.4 விழுக்காட்டினருக்கு அழுத்தம் உயர்ந்திருந்தது. பத்தில் மூவருக்கு என்றால், பெற்றோர், இருவழித் தாத்தா பாட்டி என்று ஆறு பேரில் ஒருவருக்குக்கூட இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். வயதோடு அழுத்தமும் ஏறுவதால் அது இன்னும் அரிது. இத்தகைய ஊரில் குடும்ப வரலாறு எல்லோருக்கும் பொதுவான எச்சரிக்கை. ‘எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை’ என்பதும் பாதுகாப்பாகாது.

மரபின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. மனிதருக்கு மனிதர் அழுத்தம் வேறுபடுவதில் 30 முதல் 50 விழுக்காடு மரபுவழி என்று குடும்ப, இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. ஆனால் இது மக்கள் கூட்டத்தின் வேறுபாட்டுக் கணக்கு. ஒருவருடைய நோயில் பாதி விதி என்று பொருளில்லை. மரபணு எந்த வழியில் வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒற்றை மரபணுக் கோளாறால் வரும் அரிய லிடில் நோயில், சிறுநீரக நுண்குழாய்களில் சோடியத்தை உறிஞ்சும் வாயில்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிடுகின்றன. சிறுநீரில் போகவேண்டிய உப்பு ரத்தத்துக்கே திரும்புகிறது, நீரும் கூடவே வருகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஒற்றை மரபணுவால் வரும் மற்ற வகைகளில் பெரும்பாலானவையும் இந்த உப்பு வழியில்தான் நடக்கின்றன. பரவலாகக் காணும் வகையில் சிறுசிறு விளைவுடைய நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் சேர்ந்து இயங்குகின்றன. ரத்தக்குழாய்களும் அதில் பங்கேற்கின்றன. அங்கும் உப்பை ஒதுக்கிவிட்டு மரபைப் பேச முடியாது.

கென்யாவின் லுவோ மக்கள் கிராமத்தைவிட்டு நைரோபிக்குக் குடியேறிய சில மாதங்களிலேயே அவர்களுடைய அழுத்தமும் சிறுநீர்ச் சோடியமும் கூடியதை 1990இல் வெளியான ஆய்வு காட்டியது. மாறியது ஊரும் சாப்பாடும், மரபணு அல்ல. இங்கே கேரளத்தில் கஞ்சிக்கு உப்புமாங்காய், கருவாடு, பப்படம். பப்படத்தின் உளுந்து மாவில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. அதுவும் சோடியம்தான், நாக்குக்குத் தெரியாத சோடியம். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் உட்பட்டே, உப்பு கொள்ளச் சொல்கிறது. அந்த அளவு சப்பென்று தோன்றும் நாக்கையும் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்தே பெறுகிறார்கள். ஒரே வீட்டில் மூவருக்குக் கொதிப்பு இருந்தால் அதை முழுவதும் மரபணுவின் பேரில் எழுதிவிட முடியாது.

ஒல்லியாக, மது புகை இல்லாமல், நடந்து திரிகிறவருக்கும் வருகிறதே என்று கேட்பது நியாயமான கேள்விதான். வருகிறது. பிரிட்டனில் சுமார் 2,77,000 பேரை வைத்து 2018இல் வெளியான ஆய்வு இதற்குப் பாதி விடை தருகிறது. மரபு ஆபத்து குறைவோ அதிகமோ, நல்ல பழக்கமுள்ளவர்களின் மேல் அழுத்தம் 4 முதல் 5 மில்லிமீட்டர் குறைவாகவே இருந்தது. 170இல் நிற்பவருக்கு இது போதாது. அவர் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும், உப்பைக் குறைத்தேன் என்று நிறுத்தவும் கூடாது. கேரள ஆய்வில் அழுத்தம் உயர்ந்திருந்தவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 12.4 விழுக்காட்டினர் மட்டுமே.