வாசற்படி தாழட்டும், வெளிச்சம் வரட்டும்!

தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் மறக்காமல் பார்க்கும் இடம் மந்திரசாலை. திருவிதாங்கூர் மன்னர் தம் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய மண்டபம் அது. வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே குளுகுளுவென்று இருக்கும். சன்னல்களில் வண்ண வண்ண அபிரகத் தகடுகள்! சூட்டையும் தூசியையும் வெளியே நிறுத்திவிட்டு, ஒளியை மட்டும் வடிகட்டி உள்ளே விடுகின்றன. அந்த ஒளி விழும் தரையோ கறுப்புக் கண்ணாடி போலப் பளபளக்கிறது. சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து போட்ட தரை என்பார்கள். 1956-ல் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் இந்த அரண்மனை மட்டும் கேரள அரசின் பராமரிப்பிலேயே இருந்து வருகிறது.

எல்லாம் சரி. ஆனால் மந்திரசாலை இருப்பது மாடியில். செங்குத்தான, குறுகலான படியில் ஏற வேண்டும். மூட்டுவலிக்காரர் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். சக்கர நாற்காலியில் வருகிறவர் கீழேயே இருக்க வேண்டியதுதான்!

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். தார்சா, பட்டாசல், நடுமுற்றம் என்று காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் குறைவில்லை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்கிற ஊர். தண்ணீர் ஏறாதபடி அடித்தளத்தை உயர்த்தினார்கள். வாசலில் படிகள் முளைத்தன. அறைக்கு அறை நிலைப்படி வேறு. தலையைக் குனிந்து, காலைத் தூக்கி வைத்துத்தான் உள்ளே போக வேண்டும்.

இன்று நாகர்கோவிலில் அடுக்குமாடி வீடுகள் எழுந்து நிற்கின்றன. அவற்றில் முற்றம் போய்விட்டது. படி மட்டும் போகவில்லை!

நாற்பது ஆண்டுகள் வீட்டை ஆட்சி செய்த அம்மா, ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுகிறாள். இடுப்பு எலும்பு முறிகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவளுக்குப் பின்கட்டில் இருட்டறை. அடுக்களைக்குப் போக முடியாது. தெருவைப் பார்க்க முடியாது. அவளை முடக்குவது கால் மட்டும்தானா? வீடும் அல்லவா!

அமெரிக்காவில் ஒரு வீடு

கைப்பிடிக் கம்பியும் சாய்தளமும் வைத்தால் வீடு ஆஸ்பத்திரி போல் ஆகிவிடுமே என்று தயங்குகிறவர்கள் உண்டு. இதற்கு 1952-லேயே பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், இல்லினாய் மாநிலம் ராக்போர்டு நகரில், சக்கர நாற்காலியில் வாழ்ந்த லாரன்ட் என்பவருக்காக ஒரு வீடு கட்டினார். ஒரே தளம், படியே கிடையாது. தோட்டத்தை நோக்கி வளைந்து செல்லும் நீண்ட கண்ணாடிச் சுவர். மேசை நாற்காலிகளெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் பார்வைக்கு ஏற்ற உயரம். நின்று பார்ப்பவரைவிட உட்கார்ந்து பார்ப்பவருக்கே அந்த வீடு அதிக அழகு! 2014 முதல் அது ஒரு காட்சியகம்.

அவ்வளவு பணம் நம்மிடம் ஏது என்கிறீர்களா? நாகர்கோவில் வீட்டுக்கு அத்தனை தேவையில்லை.

முதலில் குளியலறை

முதல் வேலை குளியலறைதான். வழக்கமாக அதன் கதவு இரண்டரை அடி இருந்தாலே அதிகம். சக்கர நாற்காலி தாராளமாக நுழைய மூன்று அடி வேண்டும். உள்ளே திரும்ப ஐந்து அடி வட்டம் வேண்டும். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் இன்றே மாற்றுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியே திறக்கும் கதவோ, சுவரோடு ஒட்டி நகரும் கதவோ உயிரைக் காக்கும்.

தண்ணீர் வெளியே வரக்கூடாது என்பதற்காகத்தான் அங்கே படி வைக்கிறார்கள். தரையை மூலைப் பக்கம் சரித்து, வாசல் ஓரமாக நீளச் சல்லடை மூடி போட்டால் படி எதற்கு? வழுவழுப்பான ஓட்டை எடுத்துவிட்டுச் சொரசொரப்பானது பதியுங்கள். துண்டு போடும் கம்பி, கைப்பிடிக் கம்பி ஆகாது. ஆள் பாரம் தாங்க, செங்கல் சுவரில் ஆழமாக முடுக்கிய கம்பி வேண்டும்.

கதவை அகலப்படுத்தச் சுவரை இடிக்கும் முன் என்ஜினீயரைக் கேளுங்கள். தூணிலும் உத்தரத்திலும் கை வைக்கக் கூடாது.

வெளிச்சம்

இருபது வயதுக் கண்ணுக்குள் போகும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிறது. ஆகவே வெளிச்சம் அலங்காரம் அல்ல, பாதுகாப்பு. ஆனால் பளபளக்கும் தரையில் பட்டுக் கூசுகிற வெளிச்சம் ஆபத்து. தரை ஈரமா, காய்ந்ததா என்றே தெரியாது.

சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் சுமார் நாலடி உயரத்தில் இருக்கிறது. மூன்றரை அடிச் சன்னல் திட்டும், அதற்கு மேல் நெருக்கமான குறுக்குக் கம்பியும் சேர்ந்தால் அவருக்கு வானம் மட்டும்தான் தெரியும். திட்டை இரண்டரை அடிக்கு இறக்கி, கம்பியை நெடுக்காகப் போட்டால் தெருவே வீட்டுக்குள் வந்துவிடும். மேற்கு வெயில் அடிக்கும் பக்கத்துக்குச் செங்கல் சாளரம் நல்லது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் அதைக் கொண்டுதான் எத்தனையோ சுவர்களை அழகாக்கினார். மழைச்சாரலுக்கு மேலே ஒரு சாய்ப்பு இறக்கிவிடுங்கள்.

வீட்டுக்குள் எல்லாம் செய்தாகிவிட்டது. கீழே லிப்டுக்கு முன்னால் இரண்டு படி இருக்கிறதே? ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் என்பது கணக்கு. அந்த இடத்தில் ஒரு கார் நிற்கும்! குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தகராறு வருவதும் இங்கேதான். நேராகப் போட இடமில்லை என்றால் ஆறடியில் மடக்கலாம். திருப்பத்தில் ஐந்துக்கு ஐந்து அடி சமதளமும், இரு பக்கமும் கைப்பிடியும் இருந்தால் போதும். கார் கொஞ்சம் தள்ளி நிற்கலாம்.