உங்களுக்குத் தெரியுமா? உடுவிலின் பெண்கள் விடுதிப் பள்ளி

யாழ்ப்பாணத்துச் சிற்றூரான உடுவிலில், அமெரிக்க இலங்கை மிஷன் எனப்பட்ட புரட்டஸ்தாந்து சமயப் பணி அமைப்பைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ 1824இல் தொடங்கிய பள்ளி, மாணவியர் அங்கேயே தங்கி உண்டு பயிலும் உறைவிடப் பள்ளிகளுள் ஆசியாவிலேயே மிகப் பழையவற்றில் ஒன்றாகும். பெண் எழுத்தறிவதே அரிதாயிருந்த அக்காலத்தில், மகளை வீட்டைவிட்டுப் பிரித்து அனுப்பப் பெற்றோர் காட்டியிருக்கக்கூடிய தயக்கத்தை எண்ணினால், அம்முயற்சியின் துணிவு விளங்கும். ஹரியட் 1833இல் காலமானார். 1862இல் தமிழ்–ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட மிரன் வின்ஸ்லோ அவருடைய கணவர் ஆவார், எனினும் அகராதி பெற்ற புகழில் பாதியேனும் அப்பள்ளியை நிறுவியவருக்கும் உரியதே. 1840இல் அமெரிக்காவிலிருந்து அப்பள்ளிக்கு ஆசிரியையாக வந்துசேர்ந்த எலைசா அக்னியூ, தாயகத்துக்கு ஒருமுறையும் திரும்பாமல் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். உடுவில் மகளிர் கல்லூரி என்னும் பெயரில் அப்பள்ளி இன்றும் இயங்குகிறது.