உறைந்த குளத்தில் ஓர் ஆட்டம்

தர்மபுரம் பக்கம் ஐஸ் என்றால் மீன் பெட்டியில் கிடப்பது, இல்லாவிட்டால் பள்ளிக்கூட வாசலில் விற்கும் ஐஸ்பழம். கல்மடுக்குளம் உறைந்து, அதன்மேல் பொடியள் மட்டையோடு சறுக்கித் திரிவதை யாரும் கனவிலும் காணமாட்டார்கள். ஆனால் இமயமலைக்கு அப்பால், இந்தியாவின் லடாக்கிலுள்ள லே நகரில், மார்கழியும் தையும் அப்படித்தான் கழிகின்றன.

லே சுமார் 3,500 மீற்றர் உயரத்திலுள்ள சிறு நகரம். குளிர்கால இரவில் வெப்பநிலை மறை 20 பாகை செல்சியஸ் வரை இறங்கும். கார்ஸூ, குபுக் ஆகிய குளங்கள் உறைந்து ஆடுகளமாகிவிடும். ஐஸ் ஹொக்கியை அங்கே முதலில் ஆடியவர்களில் படைவீரர்களும் உண்டு. அவர்களைப் பார்த்துத்தான் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆசை வந்தது. சறுக்குச் சப்பாத்து வாங்க வழியில்லாதவர்கள் பழைய இராணுவச் சப்பாத்தின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு இறங்கினார்கள். இந்திய ஐஸ் ஹொக்கிச் சங்கம் 1989இல் சர்வதேச ஐஸ் ஹொக்கிச் சம்மேளனத்தில் சேர்ந்தது. இன்றும் இந்திய அணிகளில் பெரும்பாலானோர் லடாக்கின் பிள்ளைகளே.

இந்த ஆட்டம் நடப்பதற்கே தண்ணீரின் ஒரு விசித்திரக் குணம்தான் காரணம். பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிரச் சுருங்கிப் பாரமாகும். தண்ணீரோ 4 பாகை வரைதான் அப்படிச் செய்யும். அதற்குக் கீழே போனால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஐதரசன் பிணைப்பால் பற்றிக்கொண்டு, இடைவெளி விட்ட அறுகோண அடுக்காக நிற்கத் தொடங்கும். உறையும்போது கன அளவு சுமார் 9 வீதம் கூடிவிடுகிறது. ஆகவே ஐஸ் மிதக்கிறது. குளத்தின் மேற்பரப்பே முதலில் உறைகிறது, அந்த ஐஸே போர்வையாகி அடியிலுள்ள தண்ணீரைக் காக்கிறது. தண்ணீரும் மற்றத் திரவங்களைப் போல நடந்திருந்தால் குளம் அடியிலிருந்து உறைந்திருக்கும். உள்ளே மீனும் மிஞ்சியிராது.

சரி, ஐஸ் ஏன் வழுக்குகிறது? ஆளின் பாரம் அழுத்தி ஐஸை உருக்குகிறது என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐஸின் உருகுநிலையை ஒரு பாகை இறக்க ஏறத்தாழ 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும். 60 கிலோ எடையுள்ள பிள்ளை ஒற்றைக் காலில், 3 மில்லிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் நீளமுமான தகட்டின்மேல் நின்றால் வரும் அழுத்தம் ஏழு வளிமண்டலம்கூட இல்லை. தகட்டில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே ஐஸில் படுகிறது என்று வைத்தாலும், உருகுநிலை இறங்குவது அரைப் பாகைதான். மறை 10 பாகை ஐஸை உருக்க அது எங்கே போதும்?

விடையின் ஒரு பாதியை ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபரடே 1850ஆம் ஆண்டளவிலேயே ஊகித்திருந்தார். ஐஸின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளுக்கு மேலே பிடித்துக்கொள்ளத் துணையில்லை. உறைநிலைக்குக் கீழேயும் அவை இறுக்கமின்றி, தண்ணீர் போன்ற மெல்லிய படலமாக அசைந்துகொண்டிருக்கும். மற்றப் பாதி உராய்வு: ஓடும் தகடு எழுப்பும் வெப்பம் அந்த மெல்லிய படலத்தை இன்னும் இளக்குகிறது.

ஐஸ் ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக 170 கிராம் எடையுள்ள கறுப்பு இறப்பர் வட்டு. அதைப் ‘பக்’ என்பார்கள். போட்டிக்கு முன் அதை உறைய வைப்பதும் காரணத்தோடுதான். குளிரில் இறப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் விறைத்துத் துள்ளல் குறைந்துவிடும், வட்டு குதிக்காமல் தரையோடு வழுக்கிப் போகும்.

ஆடுகளத்தைப் பராமரிப்பது தனி வேலை. தகடுகள் கீறிய பரப்பில் இரவில் மெல்லிய படையாகத் தண்ணீர் பாய்ச்சி உறைய விடுவார்கள். ஒரேயடியாக ஊற்றினால் ஐஸ் வெடித்துப் பொருமும். பெரிய அரங்குகளில் இதற்குச் சுடுதண்ணீரையே பயன்படுத்துகிறார்கள். அதில் கரைந்திருக்கும் வளி குறைவு. கீறலின் விளிம்பையும் சற்று உருக்கி ஒட்டிக்கொள்ளும். இதைச் செய்யும் இயந்திரத்தை ஃபிராங்க் ஸம்போனி என்பவர் 1949இல் கலிபோர்னியாவில் உருவாக்கினார்.

இயற்கை ஐஸை நம்பியவர்களுக்கு வருடத்தில் இரண்டு மாதம்தான் பயிற்சி. அதிலும் லேயின் வளியழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு, மூச்சுக்கு மூச்சு ஒட்சிசன் குறைவு. அப்படி வளர்ந்த பெண்பிள்ளைகள்தான் 2016இல் இந்தியாவின் முதல் பெண்கள் அணியாகத் தாய்ப்பேக்குப் போய்த் தோற்றுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு பாங்கொக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என வென்றார்கள். 2025இல் ஆசியக் கிண்ணத்தில் வெண்கலம்.

அந்த வெண்கலம் கிடைத்த இடம் அல் ஐன், ஐக்கிய அரபு அமீரகத்தின் பாலைவன நகரம். அங்கே சீமெந்துத் தரைக்குள் குழாய்களைப் பதித்து, உறையாத குளிர் உப்புக்கரைசலை ஓடவிட்டு, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்பில் ஐஸை உருவாக்குகிறார்கள். இது குளிர்சாதனப் பெட்டியின் வேலைதான்: உள்ளிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவது. இந்தியாவின் டேராடூனில் 2011இல் எழுந்த ஐஸ் உள்ளரங்கமோ, நடத்தும் செலவு கட்டுப்படியாகாமல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. பனி விழாத ஊரிலும் ஐஸ் ஹொக்கி ஆடலாம் என்பதை அல் ஐன் காட்டிவிட்டது. மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதே மிச்சக் கேள்வி.