ஒலிப்பாடம் பதிவு செய்ய ஓர் அமைதியான இடம்

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் பார்வைத்திறன் குறைபாடுள்ள மாணவி ஒருத்தி படிக்கிறாள். அவளுக்காக அறிவியல் பாடங்களை என் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து கொடுக்கத் தொடங்கினேன். மதிய உணவு இடைவேளையில் காலி வகுப்பறை ஒன்றில் அமர்ந்து பேசுவேன். மூன்றாம் நாள் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “டீச்சர், நீங்க இலைன்னு சொன்னீங்களா, இழைன்னு சொன்னீங்களான்னே தெரியல. ஃபேன் சத்தந்தான் நல்லா கேக்குது.”

மற்ற மாணவர்கள் காதில் விழாத சொல்லைப் புத்தகத்தைப் பார்த்துச் சரி செய்துகொள்வார்கள். அவளுக்கு அந்த வழி இல்லை. செவியில் தவறிய சொல், பாடத்திலேயே தவறியதுதான். நல்ல இடம் தேடி நான் அலைந்தது அதன் பிறகுதான். ஒலிப்பாடம், வலையொலி, பள்ளி வானொலி என எதைப் பதிவு செய்ய நினைக்கும் ஆசிரியருக்கும் அந்த அனுபவம் பயன்படலாம்.

இரண்டு தொல்லைகள்

பதிவைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, வெளியிலிருந்து வரும் இரைச்சல். மற்றொன்று, அறைக்குள்ளேயே நம் குரல் சுவர்களில் மோதித் திரும்புவது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

வெளி இரைச்சலைத் தடுக்கக் கனமான சுவரும் இடைவெளியில்லாத கதவும் வேண்டும். அது செலவுள்ள வேலை. சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டினால் சத்தம் உள்ளே வராது என்று பலரும் நம்புகிறார்கள். கனமில்லாத அந்த அட்டை பேருந்துச் சத்தத்தைத் தடுக்காது. எனவே இரைச்சலைத் தடுக்க முயல்வதைவிட, இரைச்சல் இல்லாத இடத்தையும் நேரத்தையும் தேடுவதே நமக்குக் கட்டுப்படியாகும்.

இரண்டாவது தொல்லை நம் கையில் உள்ளது. எதிரொலி கேட்கச் சுவர் சுமார் 17 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். வகுப்பறை அதைவிடச் சிறியது. ஆகவே தனி எதிரொலி கேட்பதில்லை. திரும்பி வரும் ஒலிகள் நம் பேச்சோடு கலந்து நீள்கின்றன. இதுவே எதிர்முழக்கம். காலி வகுப்பறையில் பதிவு செய்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பது இதனால்தான்.

ஒரு பேராசிரியரும் சில மெத்தைகளும்

1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் இதே சிக்கல் எழுந்தது. புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூட விரிவுரை அரங்கில் ஒரு சொல் ஒலித்து அடங்க ஏறத்தாழ 5.5 வினாடிகள் ஆயின. பாடம் எவருக்கும் புரியவில்லை. இதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் ஊர் அடங்கிய இரவு நேரங்களில் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் குறைகிறது என்று அளந்தார். மென்மையான பொருள்கள் ஒலியை உட்கொள்ளும் அளவைக் கணக்கிட அதுவே வழிவகுத்தது.

சபைன் செய்த இரண்டும் நமக்குப் பாடம்: அமைதியான நேரத்தைத் தேர்ந்தெடுத்தார், அறைக்குள் மெத்தையைக் கொண்டுவந்தார்.

எங்கே பதிவு செய்யலாம்?

பள்ளியில் நூலக அறையே முதல் தேர்வு. மேடும் பள்ளமுமாகப் புத்தகங்கள் நிறைந்த அலமாரிகள் ஒலியைச் சிதறடிக்கும். தரையில் ஜமுக்காளம் விரித்து, மேசைமேல் ஒரு போர்வையை மடித்துப் போட்டால் வேறுபாடு உடனே தெரியும். சத்துணவுக் கூடத்துக்கும் சாலைக்கும் எதிர்ப்புறம் உள்ள அறையாக இருப்பது நல்லது. மாலையில் பிள்ளைகள் சென்ற பிறகு அரை மணி நேரம் போதும். தகர ஓடு வேய்ந்த அறையை மழைக்காலத்தில் தவிர்க்கவும்.

வீட்டில் என்றால் படுக்கையறை. மெத்தை, தலையணை, திரைச்சீலை எல்லாம் ஏற்கெனவே அங்கே உள்ளன. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பேசலாம். அதிகாலை 5 மணி எனக்கு ஒத்துவந்தது. நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிய காரும் நல்ல இடமே. ஆனால் வெயில் நேரத்தில் வேண்டாம்.

இடத்தைச் சோதிப்பது எப்படி?

அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டிய ஒலி உடனே அடங்கினால் நல்லது. ‘கிண்’ என்று நீண்டால் இன்னும் துணி வேண்டும். பிறகு ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் பதிவு செய்து, காதில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். டியூப்லைட்டின் ரீங்காரம், பக்கத்து வீட்டு மோட்டார், சுவர்க் கடிகாரம் என நம் காது பழகி விட்டுவிட்ட சத்தங்களெல்லாம் அதில் கேட்கும்.

அருகில் பேசுங்கள்

ஒலி மூலத்துக்கும் கைப்பேசிக்கும் உள்ள தூரம் பாதியானால் ஒலிச்செறிவு சுமார் நான்கு மடங்காகும். தூரத்து இரைச்சலோ முன்பிருந்த அளவிலேயே நிற்கும். எனவே கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் ‘ப’கரம் வரும்போதெல்லாம் காற்று மோதி ‘டப்’ என்று கேட்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், கைப்பேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். பேசத் தொடங்குமுன் ஐந்து வினாடி அமைதியாக இருங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் அந்த அமைதியை மாதிரியாகக் கொண்டு மெல்லிய இரைச்சலைக் குறைத்துத் தரும். அளவு மீறினால் குரல் இயந்திரம் பேசுவதுபோல் ஆகிவிடும்.

நூலகத்தில் பதிவு செய்த பாடத்தை அந்த மாணவிக்கு அனுப்பினேன். மறுநாள் அவள் குரல் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “டீச்சர், நைலான் இழை தண்ணிய உறிஞ்சாதுன்னா, மழையில அதுதானே சீக்கிரம் காயும்?” என்று கேட்டாள். பதிவு சரியாக வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.