கல்விப் பண்ணைக்கான மாட்டுக் கொட்டகை

மாணவர்களே நடத்தி, அதன் வழியாகத் தொழிலைக் கற்றுக்கொள்ளும் பண்ணை கல்விப் பண்ணை எனப்படும். இந்திய வேளாண் கல்லூரிகளில் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஸ்டூடண்ட் ரெடி' திட்டத்தில் இத்தகைய பயிற்சிக்கு இடமுண்டு. தீவனத்தையும் மாட்டையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கட்டிய கொட்டகையின் திசையை மாற்ற முடியாது. கோவை வட்டாரத்தில் பத்துக் கலப்பினக் கறவை மாடுகளுக்கான கொட்டகையை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

வெப்பத்தைக் குறைத்தல்

ஜெர்சி, ஹோல்ஸ்டீன் பிரீசியன் கலப்பின மாடுகள் வெயிலை எளிதில் தாங்குவதில்லை. வெப்பம் மிகுந்தால் மூச்சிரைக்கும். தீவனம் உண்பது குறையும். பாலும் குறையும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். எனவே கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். காலை, மாலைச் சாய்வெயில் அப்போது குறுகிய பக்கங்களில் மட்டுமே படும். நீண்ட பக்கங்களைச் சுவரால் அடைக்காமல் திறந்து விட வேண்டும்.

தென்னங்கீற்றுக் கூரை குளிர்ச்சியானது. ஆனால் அடிக்கடி மாற்றி வேய வேண்டும். தீப்பிடிக்கும் அச்சமும் உண்டு. தகரம் நீடித்து உழைத்தாலும் நண்பகலில் அடுப்பாகிவிடும். ஓடு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. தகரம்தான் என்றால் மேற்புறம் வெள்ளையடித்து, முகட்டில் இடைவெளி விட்டுக் கட்டினால் சூடான காற்று வெளியேறும். மின்விசிறியைப் பற்றி இவற்றுக்குப் பிறகு எண்ணினால் போதும். நான்கு புறமும் அடைத்துக் கட்டிவிட்டு, பிறகு விசிறிக்கு மின்கட்டணம் செலுத்துவோர் பலர்.

இடமும் தரையும்

இந்தியத் தர அளவின்படி ஒரு பசுவுக்குக் கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டரும், திறந்தவெளியில் 7 சதுர மீட்டரும் வேண்டும். பத்து மாடுகளுக்கு இது முறையே 35, 70 சதுர மீட்டராகும். தீவனத் தொட்டி, நடைபாதை, கன்றுகளுக்கான இடம் ஆகியன இதற்குப் புறம்பானவை. தரை வழுக்காத சொரசொரப்பான கான்கிரீட்டாகவும், 40 அடிக்கு 1 அடி என்ற சரிவுடனும் இருந்தால் கோமியம் தேங்காது. தேங்கினால் அம்மோனியா நெடி கிளம்பும். மடிநோய்க்கும் வழி பிறக்கும்.

சாணமும் மழைநீரும்

ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் இடுவதாகக் கொண்டால், பத்து மாடுகளுக்கு 100 கிலோ. 25 கிலோ சாணத்திலிருந்து ஏறத்தாழ 1 கன மீட்டர் எரிவாயு கிடைக்கும் என்பதால், 4 கன மீட்டர் கலன் பொருந்தும். கலனைக் கொட்டகையைவிடத் தாழ்வான இடத்தில் அமைத்தால் கழுவிய நீரோடு சாணம் தானே ஓடிவரும். அங்கிருந்து வெளிவரும் கழிவுக் குழம்பைக் கம்பு நேப்பியர் புல்லுக்குப் பாய்ச்சலாம்.

100 சதுர மீட்டர் கூரையில் 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் 60,000 லிட்டர் விழும். ஆவியாவதும் சிந்துவதும் போக 48,000 லிட்டர் தேறும் எனலாம். மாட்டுக்கு 60 லிட்டர் வீதம் குடிநீர் கொடுத்தால் அது 80 நாளுக்கே வரும். ஆகவே மழைநீர்த் தொட்டியை மட்டும் நம்பிக் கிணற்றைக் கைவிடக் கூடாது.

வேலையாட்கள்

பிற பண்ணைகளுக்கு இல்லாத சிக்கல் ஒன்று இங்குண்டு. ஆண்டுதோறும் பழகிய கைகள் படித்து முடித்து வெளியேறிவிடுகின்றன. தேர்வு நாளிலும் விடுமுறையிலும் மாடு கறக்கத்தான் வேண்டும். ஆகவே இருவரே ஒருமணி நேரத்தில் தீவனமிட்டுக் கழுவி முடிக்கும்படி நடைபாதையை அமைப்பது நல்லது. தீவனக் கிடங்கு தொட்டிக்கு அருகிலும், பால் பதிவேடு கறக்கும் இடத்திலேயே சுவரிலும் இருக்கட்டும். அறைக்குப் போய் எழுத வேண்டியிருந்தால் ஒருவரும் எழுதமாட்டார்கள்.