‘ஃபனாட்டிக்’ என்னும் ஆங்கிலச் சொல்

எறிபத்த நாயனார் போல்வாரை ஆங்கிலத்திற் கூறப் புகுவார்க்கு ‘ஃபனாட்டிக்’ என்னுஞ் சொல் எளிதில் முன்வந்து நிற்கும். அது பொருந்துமா என்பதைத் துணியுமுன், அச்சொல் பிறந்த இடத்தையும் நடந்த வழியையும் அறிதல் வேண்டும்.

இலத்தீன் மொழியில் ‘ஃபானும்’ என்பது கோயில். அதனடியாகப் பிறந்த ‘ஃபனாட்டிகுஸ்’ என்பது கோயிலைச் சார்ந்தவன் எனப் பொருள்பட்டு, பின்னர்த் தெய்வம் ஏறப்பெற்றவன் எனவும், அதன்மேல் மதி மயங்கியவன் எனவும் விரிந்தது. உரோமாபுரியிற் பெல்லோனா என்னும் போர்த்தெய்வத்தின் பூசகர் கருநிற ஆடை உடுத்து, இருதலைக் கோடரியால் தங் கைகளை அரிந்து குருதி சிந்தி ஆடுவர். இப்பெயர் அவர்க்குச் சிறப்பாக வழங்கிற்று. கோயிலின் முன், அஃதாவது புறத்தே, நிற்பது என்னும் பொருட்டாகிய ‘ப்ரொஃபேன்’ என்பதும் அவ்வேரினதே. உள்ளே நின்றானும் புறத்தே நின்றானும் ஆங்கிலத்தில் ஒருங்கே வசைபெற்றமை நகைதருவதாம்.

ஆங்கிலத்தில் இச்சொல் 16-ஆம் நூற்றாண்டிற் புகுந்தது. 17-ஆம் நூற்றாண்டில், சிறப்பாக 1660-இல் முடியாட்சி மீண்ட காலத்தையொட்டி, அரசு நிறுவிய திருச்சபைக்கு அடங்காத கிறித்தவரை அச்சபையார் இப்பெயரால் இகழ்ந்தனர். ஆகலின் இஃது ஆராய்ந்து இட்ட பெயரன்று. வென்ற கட்சியார் தோற்ற கட்சியார்க்கு இட்டது. 1764-இல் வெளிவந்த வால்ட்டேரின் தத்துவ அகராதி இதனை அறிவின் நோயென்றே கண்டித்தது. விளையாட்டிலும் நடிகரிடத்தும் பற்றுடையாரைக் குறிக்கும் ‘ஃபேன்’ என்பது இதன் குறுக்கமென்பர்.

தமிழில் இதனை ‘மதவெறியன்’ என்று பெயர்ப்பர். ‘வெறி’யின் வரலாறும் இதனோடு ஒத்திருத்தல் வியப்பே. தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் வெறியாட்டு, முருகன் மெய்யில் ஏறப்பெற்ற வேலன் ஆடுவது. ஆண்டு வெறி இழிசொல்லன்று.

இனி, பட்டத்து யானையையும் பாகர் ஐவரையும் வெட்டி வீழ்த்தினாரை வேறு யாதென்று கூறுவது என வினவுவார்க்கு விடை வேண்டும். யானையும் பாகரும் திருவருளாற் பின்னர் உயிர்த்தெழுந்தமையின் குற்றமில்லை என்று கூறி வினாவைக் கடத்தல் எமக்கு உடன்பாடன்று. சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என்கின்றது; ஆயின் அவ்வடியாரை மயக்கம் நீங்கி அன்பு மிக்கவர் என அடைகொடுத்தே சுட்டிற்று. அவ்வடையை நீக்கின் எஞ்சுவது கோயிலும் வேகமுமே. அஃது இலத்தீன் சொல்லின் பொருள்.

மயக்கம் நீங்கினமை எவ்வாறு அறியப்படும்? கருவூரில் நிகழ்ந்ததை நோக்குக. யானையின் பிழை தம்மதே எனக் கொண்ட புகழ்ச்சோழர், தம்மையுங் கொல்லுமாறு தம் வாளை நீட்டினார். எறிபத்தர் அதனை வாங்கித் தம் கழுத்திலேயே பூட்டினார். சினந்த கை ஒருகணத்தில் தன்மேலேயே திரும்புதல், தன் செயலொன்றே அறமெனச் செருக்குவானுக்கு இயலாது. ‘ஃபனாட்டிக்’ என்னுஞ் சொல்லில் இதற்கு இடமில்லை.

ஆதலின் மொழிபெயர்ப்பார் அச்சொல்லை விடுத்து, ‘வன்றொண்டு’ என்னும் நம் சொல்லையே வைத்து அதன் பொருளை விரித்தெழுதுதல் தகும். நம்பியாரூரர் வன்றொண்டர் எனப்பட்டது, தடுத்தாட்கொள்ள வந்த இறைவனோடு வன்மை பேசினமையால்; அப்பெயரை இட்டவனும் அவ்விறைவனே.