வீட்டு நாயும் எமது பொறுப்பும்

நாய் வளர்ப்பதற்கு ஒரு கட்டுரை தேவையா என்று எமது வாசகர் சிலர் கேட்கக்கூடும். ஊரில் நாய் தானாகவே வளர்ந்தது. வளவைச் சுற்றி வேலி இருந்தது. படலையடியில் அது படுத்திருந்தது. மிஞ்சிய சோறும் மீன் தலையும் அதன் உணவு. இரவில் தோட்டத்துக்குள் மாடோ பன்றியோ புகுந்தால் குரைத்து எழுப்பியது. வைரவரின் வாகனம் என்று கோவில் வாசலிலும் அதை விரட்டாமல் விட்டோம். விவிலியத்திலும், தோபித்து நூலில், இளைஞன் தோபியா தூரப் பயணம் புறப்பட்டபோது நாயும் அவனோடு கூடச் சென்றது.

இடம்பெயர்ந்த பின் நிலைமை வேறு. ஹெவ்லொக் டவுனிலோ வெள்ளவத்தையிலோ ஓர் ஒழுங்கைக்குள் இரண்டு அறை எடுத்து வாழும் குடும்பத்துக்கு வளவும் இல்லை, வேலியும் இல்லை. உறவினர் காணியில் கொட்டில் போட்டிருப்போருக்கும், முகாமில் இருப்போருக்கும் இதே நிலைதான். நாய் படலையைத் தாண்டினால் வீதி. வீதியில் வாகனமும் குப்பைமேடும் வேறு நாய்களும். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஐந்தடி தூரத்தில் விளையாடுகிறார்கள். ஊரில் நாய் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது. இங்கே அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. ஆனால் சில விடயங்களைத் தெரிந்து, தவறாமல் செய்ய வேண்டும்.

முதலாவது, விசர்நோய்த் தடுப்பூசி

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது இதுதான். நீர்வெறுப்பு நோய் என்றும் சொல்லப்படும் விசர்நோய், நோயுற்ற விலங்கின் உமிழ்நீர் மூலம் பரவுகிறது. கடித்தால் மட்டுமல்ல, நகத்தால் கீறினாலும், காயத்தில் நக்கினாலும் கிருமி உடலுக்குள் செல்லலாம். அது நரம்பு வழியாக மூளையை அடைவதற்குச் சில கிழமைகளோ சில மாதங்களோ செல்லும். மூளையை அடைந்து நோய்க்குறி தோன்றிவிட்டால் உயிர் தப்புவது ஏறக்குறைய இல்லை. அதற்கு முன்பு தடுப்பு மருந்து ஏற்றினால் உயிர் தப்பலாம். இந்த இரண்டு உண்மைகளையும் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

எமது நாட்டில் இது புதிய கவலை அல்ல. விசர்நோயைத் தடுக்கும் சட்டம் இங்கு 1893இல் ஆக்கப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்தவர் சேர் ஆதர் ஹெவ்லொக். கொழும்பு ஹெவ்லொக் வீதி அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் சட்டமும் வந்தது. ஆயினும் 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்கு ஊசி ஏற்றும் பணியும், கடிபட்டவர்களுக்கான சிகிச்சையும் பரவிய பின்னரே அத்தொகை குறைந்தது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு ஐம்பதுக்கும் கீழே வந்துள்ளது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறையை 2006இல் அரசு கைவிட்டது. 2007 முதல் சில ஆண்டுகள் கொழும்பு நகரில் மாநகரசபையும் புளூ போ அறக்கட்டளையும் நாய்களுக்கு ஊசி ஏற்றியும் கருத்தடை செய்தும் பணியாற்றின. கொல்வதால் நாய்கள் குறைவதில்லை. வெறுமையான இடத்துக்கு வேறு நாய்கள் வந்துவிடும். ஊசி ஏற்றிய நாய் தெருவில் நின்றால் நோய் அதைத் தாண்டிப் போகாது.

குட்டி சிறியது என்று காத்திருக்கத் தேவையில்லை. மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கும் ஊசி ஏற்றலாம். அடுத்த ஊசி எப்போது என்று கால்நடை வைத்தியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் இலவச ஊசி முகாம் எங்கே, எப்போது என்று சொல்வார்கள். நாயைப் பதிவு செய்வது பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம். முகாமில் தரும் அட்டையைக் குடும்ப அட்டையோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் ஒரே பையில் வையுங்கள்.

நாய் கடித்தால்

உடனே, அந்த இடத்திலேயே, ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லையென்றால் வாளியில் அள்ளி ஊற்றுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், கோப்பித்தூள், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். பின்பு அன்றைய தினமே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வீட்டு நாய்தானே, குட்டிதானே, சிறு கீறல்தானே என்று விடக்கூடாது. பூனை, கீரி போன்றவை கடித்தாலும் இதே முறைதான்.

முன்னொரு காலத்தில் வயிற்றில் பல ஊசிகள் ஏற்றினார்கள். அந்தப் பயத்தினால் இன்றும் சிலர் தயங்குகிறார்கள். இப்போது அப்படியில்லை. சில ஊசிகள் மட்டுமே, அதுவும் கையில் ஏற்றுகிறார்கள். காயம் பெரிதானால் காயத்தைச் சுற்றியும் மருந்து ஏற்றுவார்கள். குறித்த எல்லா நாட்களிலும் போய் முடிக்க வேண்டும். கூலி வேலை போய்விடும் என்று பாதியில் நிறுத்துவது ஆபத்து.

கடித்த நாயை அடித்துக் கொல்ல வேண்டாம். பாதுகாப்பாகக் கட்டிவைத்து 14 நாட்கள் கவனியுங்கள். ஆனால் அதைக் கவனிப்பதற்காக வைத்தியசாலைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். எது தேவை என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். நாய் இறந்துவிட்டால் வெறுங்கையால் தொடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் அதன் தலையைப் பரிசோதித்து நோய் உண்டா என்று அறிய முடியும்.

விசர்பிடித்த நாய் எப்போதும் வெறிகொண்டு ஓடும் என்று எண்ண வேண்டாம். சில நாய்கள் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. தொண்டையில் முள் சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அவ்வாறு ஒருபோதும் செய்யக்கூடாது.

உணவு

வெறும் சோறு நாய்க்குப் போதாது. வயிறு நிறையும், உடம்பு தேறாது. சோற்றோடு அவித்த மீன், கருவாட்டுக்குப் பதிலாக உப்பில்லாத நெத்தலி, அவித்த பருப்பு, முட்டை என்று கிடைப்பதில் ஒன்றைச் சேருங்கள். பூசணி, கரட் போன்றவற்றை அவித்து மசித்துப் போடலாம். மீன் தலையை நன்றாக அவித்து முள் நீக்கிக் கொடுங்கள். வளர்ந்த நாய்க்கு நாளுக்கு இருவேளை. குட்டிக்கு மூன்று நான்கு வேளை, சிறிது சிறிதாக. நாய் மெலிந்திருக்கிறதா என்று அறிய விலாவில் கையை வையுங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் தூரத்தில் நின்றே கண்ணுக்குத் தெரியக்கூடாது.

கொடுக்கக் கூடாதவை: வெங்காயம், உள்ளி, முந்திரிகை, அதன் வற்றல், சொக்லேற், உறைப்புக் கறி, சமைத்த கோழி எலும்பு. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே கறிச்சட்டியில் மிஞ்சியதை அப்படியே கொட்டாமல், நாய்க்குரியதைத் தாளிப்பதற்கு முன்பே எடுத்து வையுங்கள். சமைத்த கோழி எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் கிழிக்கும். நல்ல தண்ணீர் நாள் முழுவதும் இருக்க வேண்டும். தினமும் சட்டியைக் கழுவி மாற்றுங்கள். மிஞ்சிய உணவை ஒழுங்கையில் கொட்டுவது தெருநாய்களையும் எலிகளையும் அழைப்பதாகும்.

பூச்சியும் தோல் நோயும்

குட்டிகள் தாயின் வயிற்றிலேயே பூச்சியோடு பிறக்கின்றன. இரண்டு கிழமையானதிலிருந்து மூன்று மாதம் வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இது நாய்க்காக மட்டுமல்ல. நாயின் மலத்தில் உள்ள பூச்சி முட்டைகளும் புழுக்களும் மண்ணில் கலக்கின்றன. வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள் கொழுக்கிப்புழு புகுந்து ஊரும். கையைக் கழுவாமல் சாப்பிட்டால் வேறு பூச்சிகள் வயிற்றுக்குள் போகும். ஒடுங்கிய இடத்தில் பல குடும்பங்கள் வாழும்போது இந்த ஆபத்து அதிகம். ஆகவே நாயின் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதையுங்கள். புதைக்க இடமில்லையென்றால் பையில் கட்டி அகற்றுங்கள்.

உண்ணியைக் காது, கால் விரலிடுக்கு, கழுத்து ஆகிய இடங்களில் தேடுங்கள். உண்ணி பரப்பும் காய்ச்சலில் நாயின் முரசு வெளிறும், உண்ணாது சோர்ந்து கிடக்கும். வைத்தியரிடம் காட்ட வேண்டும். சொறி பிடித்த நாய்க்கு வாகனத்தின் கழிவெண்ணெயோ மண்ணெண்ணெயோ பூசும் வழக்கம் உண்டு. நாய் அதை நக்கும், அது விஷம். தோலும் வெந்துவிடும். சொறிக்கு இன்று நல்ல மருந்து உண்டு; வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள். மனிதருக்குரிய பரசிட்டமோல் போன்ற மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்க வேண்டாம். குட்டி வாந்தியெடுத்து, இரத்தத்தோடு கழிந்தால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். வயிற்றோட்டத்தில் நீரிழந்து விரைவில் இறந்துவிடும்.

நடத்தை

கொழும்பில் நாய்க்குப் பழக வேண்டிய சத்தங்கள் பல. வாகன ஒலியிலும் தீபாவளி, புதுவருட வெடிச் சத்தத்திலும் ஓடி ஒளியும் நாய் கோழையல்ல. அதன் காது எமது காதைவிடக் கூர்மையானது. ஷெல் சத்தத்தை அனுபவித்த எமக்கு இது விளங்கும். அந்நேரத்தில் வீட்டின் உள்மூலையில் ஒரு சாக்கை விரித்து ஒதுங்கவிடுங்கள். அடிக்க வேண்டாம். அடிபட்ட நாய் பயத்தில் கடிக்கப் பழகும். நல்லபடி நடந்தால் ஒரு துண்டு உணவும் அன்பான சொல்லும் கொடுங்கள். அதுவே அதற்குப் பாடம்.

நாள் முழுவதும் குறுகிய சங்கிலியில் கட்டப்பட்ட நாய் குரைத்துக்கொண்டே இருக்கும், மூர்க்கமாகும். அயலவரோடு சச்சரவும் வரும். வாடகை வீட்டில் அது சிறிய விடயமல்ல. கட்ட வேண்டியிருந்தால் நிழலில், நடமாடக்கூடிய நீளக் கயிற்றில் கட்டுங்கள். காலையிலும் மாலையிலும் கயிற்றோடு வெளியே கூட்டிச் செல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு மூன்று விடயங்களைச் சொல்லிக் கொடுங்கள். சாப்பிடும் நாயையும், தூங்கும் நாயையும், குட்டியோடு இருக்கும் நாயையும் தொடக்கூடாது. அறியாத நாய் எதிரே வந்தால் ஓடக்கூடாது. கையை உடம்போடு ஒட்டி, அதன் கண்ணைப் பார்க்காமல் மரம்போல் நிற்க வேண்டும். நாய் கடித்தாலும் கீறினாலும் ஏச்சுக்குப் பயந்து மறைக்காமல் உடனே வீட்டில் சொல்ல வேண்டும். உலகில் விசர்நோயால் இறப்போரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிள்ளை சொல்வதற்குப் பயப்படாத வீடே பாதுகாப்பான வீடு.

குட்டிகள்

பெட்டை நாய் ஆண்டுக்கு ஏறக்குறைய இருமுறை சினைப்படும் பருவத்துக்கு வரும். கர்ப்பகாலம் 63 நாட்கள் அளவு. ஒவ்வொரு தடவையும் ஐந்து குட்டி என்று வைத்தாலும் ஆண்டுக்குப் பத்து. அவற்றுக்கு வீடு தேட முடியாதபோது சாக்கில் கட்டிச் சந்தையடியிலோ கோவில், ஆலய வாசலிலோ விடுகிறார்கள். அது பாவம், அத்தோடு அடுத்த தெருநாய்க் கூட்டத்துக்கு வித்தும் அதுவே. ஆணையும் பெட்டையையும் கருத்தடை செய்வது நல்லது. கால்நடை வைத்தியரிடமும், உள்ளூராட்சிச் சபையிலும் முகாம் உண்டா என்று கேளுங்கள்.

மீண்டும் புறப்படும்போது

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்திலிருந்து மக்கள் ஓர் இரவில் புறப்பட்டபோதும், 2009இல் வன்னியிலிருந்து வெளியேறியபோதும் நாய்களைக் கூட்டிவரப் பலருக்கு வழியிருக்கவில்லை. பிள்ளைகளையும் முதியோரையும் காப்பதே அன்றைய கடமை. அதற்காக எவரும் மனம் வருந்த வேண்டியதில்லை. ஆனால் வெள்ளமோ வேறு இடரோ வந்து புறப்பட நேரும்போது செய்யக்கூடியவை சில உண்டு. கூட்டிச்செல்ல முடியுமானால் கயிற்றோடும் ஊசி அட்டையோடும் கூட்டிச் செல்லுங்கள். தங்குமிடத்தில் பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு அப்பால் கட்டுங்கள். முடியாவிட்டால் தங்கியிருக்கும் அயலவரிடம் ஒப்படையுங்கள். அதுவும் முடியாவிட்டால் கட்டை அவிழ்த்து, கூட்டைத் திறந்துவிட்டுப் புறப்படுங்கள். கட்டிய நாய் வெள்ளத்திலும் பசியிலும் கட்டிலேயே இறக்கும்.

சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகள் ஆளில்லாது கிடந்த ஊர்களில் ஊசி காணாத நாய்கள் திரியும். அவை உங்கள் நாயோடும் மாடுகளோடும் கலக்கும். திரும்புவதற்கு முன்பே உங்கள் நாய்க்கு ஊசி ஏற்றுங்கள். விசர்நாய் கடித்த மாட்டுக்கும் இந்நோய் வரும். அப்படிச் சந்தேகம் வந்தால் கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள், அதன் பாலைப் பயன்படுத்த வேண்டாம். ஊருக்குத் திரும்பியதும் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் முதற்கூட்டத்திலேயே நாய்களுக்கான ஊசி முகாமைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். கிணறு இறைப்பதும் வேலி அடைப்பதும் போல இதுவும் குடியேற்ற வேலைதான்.